சின்னவனுக்கு அம்மா எழுதுவது

கண்ணா,

அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா போன வாரம் குழந்தையோடு வந்துவிட்டுப் போனாள். சுவர் விஷயத்தில் பெரியப்பா இன்னும் பிடி கொடுக்கவில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. போனில் "கிளாஸ் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விமானம் ஓட்டப் படிக்கிற ஏர்போர்ட்டின் மெட்டாரை, அந்த நேரத்து வானிலை அறிக்கையை, நான் தினமும் பார்க்கிறேன். மீனம்பாக்கத்தில் அரை மணிக்கு ஒரு முறை மெட்டார் எழுதியே என் சர்வீஸ் போனது, ரிட்டையர் ஆனதும் அந்தப் பழக்கம் போய்விடுமா? நேற்றுக் காலை அங்கே வெப்பமும், காற்றின் ஈரம் பனியாக மாறும் வெப்பநிலையான டியூ பாயிண்ட்டும் ஒரே எண்ணில் இருந்தன. இரண்டுக்கும் இடைவெளி மூன்று டிகிரிக்குள் வந்தாலே உஷாராக வேண்டும், காற்றும் இல்லாவிட்டால் மூடுபனி எந்த நிமிஷமும் இறங்கும். 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பியது உனக்கு நினைவிருக்கும். உங்கள் ஃப்ளோரிடாவுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சென்னைக்குக் கடல் ஒரு பக்கம்தான், ஜூன் மாதத்தில் மேற்கே கட்டும் மேகம் ஊருக்கு வந்து சேர இருட்டிவிடும். அங்கே இரண்டு பக்கமும் கடல், வளைகுடாக் காற்றும் அட்லான்டிக் காற்றும் நடுவில் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் மேலே கிளம்பும், காலையில் பஞ்சு மாதிரி இருந்தது மதியத்துக்குள் இடிமேகமாக நிற்கும். மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுகிற மாதிரி கிளம்பு. டாஃப், அதாவது ஏர்போர்ட்டின் வானிலை முன்கணிப்பு, போட்டவர் நல்ல வானிலை என்று எழுதியிருந்தாலும் கண்ணாடிக்கு வெளியே நீ பார்ப்பதுதான் அந்த நேரத்து வானிலை. இத்தனை வருஷம் அதை எழுதிக் கொடுத்தவள் சொல்கிறேன்.

நீ முதல் முறை தனியாக ஓட்டி சோலோ போன அன்று அப்பா ஸ்வீட் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். நம் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத வேலை, பெருமையாகத்தான் இருக்கிறது. விதிகளையெல்லாம் என்னிடம் மனப்பாடமாக ஒப்பித்தாயே, பார்வைத்தூரம் 3 மைல், மேகத்துக்கு 500 அடி கீழே, 1000 அடி மேலே, பக்கவாட்டில் 2000 அடி என்று. இப்போது ஒரு தடவை எனக்காக அதைத் திரும்பச் சொல்லிப் பார். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்ட அனுமதிக்கும் ஐஎஃப்ஆர் ரேட்டிங் கைக்கு வரும் வரை மேகத்துக்கும் உனக்கும் அவ்வளவு தூரம் இருக்க வேண்டும்.

குரூப்பில் நீ ஒரு வீடியோ போட்டு, கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டாய். நான் பார்த்துவிட்டேன். விமானக் கண்ணாடி முழுக்க மேகத்தின் வெள்ளை, நீ சிரிக்கிறாய். பயிற்சியாளர் உட்காரும் வலது சீட் அதில் தெரியவில்லை.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரைச் செயற்கையாக மேகத்துக்குள் போன நிலையில் வைத்துப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிஷம்கூட இல்லை. அவர்களில் யாரும் முட்டாள் இல்லை, காது செய்கிற வேலை அது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் 20 நொடி போல ஆனதும் உள்காதில் இருக்கும் திரவம் அடங்கிவிடும், நேராகப் போகிறோம் என்று காது சத்தியம் செய்யும். அப்போது இறக்கையைச் சமமாக்கினால் எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி தோன்றும், கை தானாகப் பழைய சாய்வுக்கே கொண்டுபோகும், சுழன்று இறங்க ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் சொல்வதை மட்டும்தான் நம்ப வேண்டும், உடம்பு என்ன சொன்னாலும் சரி. அந்த ஆராய்ச்சிக்குப் பெயரே 180 டிகிரி திருப்பம்தான், மேகத்துக்குள் மாட்டினால் வந்த வழியே திரும்பி வெளியே வருவதைக் கற்றுக்கொடுக்கத்தான் அதைச் செய்தார்கள். திரும்பி வந்துவிடு கண்ணா.

தேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் ஜெனரல் ராவத் போன ஹெலிகாப்டரை ஓட்டியவர்களுக்கு அனுபவம் குறைவா? பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி மேகத்துக்குள் போய்விட்டார்கள், திசை உணர்வு தவறியது என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ரேட்டிங் வந்த பிறகும் 1-2-3 கணக்கை விட்டுவிடாதே. போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மேகம் 2000 அடிக்குக் கீழே வரும் என்றோ பார்வைத்தூரம் 3 மைலுக்குக் குறையும் என்றோ இருந்தால் மாற்று ஏர்போர்ட் எழுதியே ஆக வேண்டும், அதுவரை போகவும் அதற்கு மேல் 45 நிமிஷம் பறக்கவும் பெட்ரோல் இருக்க வேண்டும். 45-ஐ 44 ஆக்காதே.

நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றுகிறது. ரேட்டிங்குக்கு 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது வெளியூர்ப் பறப்பு, வேண்டும், 50 நாட்டிகல் மைலுக்கு அப்பால் போய் இறங்கினால்தான் அது கணக்கில் சேரும் என்று நீதான் சொன்னாய். பாதியில் திரும்பினால் அத்தனை டாலரும் வீண், அம்மா அப்பா வீட்டை வைத்து வாங்கிய கடன் என்று நினைத்துத்தான் திரும்பாமல் போனாயா? அப்படி என்றால் கேட்டுக்கொள். கடன் எங்கள் கையெழுத்து, எங்கள் கணக்கு. இந்த மாதத் தவணையும் கட்டியாகிவிட்டது. பத்து தடவை திரும்பி வந்தாலும் பத்து தடவைக்கும் பணம் அனுப்புவேன்.

அன்றைக்கு வலது சீட்டில் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுது. உன் பயிற்சியாளர் என்றால், ஐஎஃப்ஆர் அனுமதி வாங்கிப் போனதென்றால், நான் வாயைத் திறக்க மாட்டேன். யாரும் இல்லை என்றால் அதையும் எழுது, திட்ட மாட்டேன், அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் நீயே போய் உன் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கும் ஹூட் போட்டு, அந்தத் திருப்பத்தைக் கை பழகும் வரை செய்துவிட்டு அப்புறம் தனியாகக் கிளம்பு. ஞாயிற்றுக்கிழமை உன் பதில் வந்திருக்க வேண்டும்.

அம்மா