மயிலாப்பூரை வரைந்து கொடுத்தவர்களுக்கு

மாட வீதிகளிலும் லஸ் முனையிலும் சித்திரக்குளம் பக்கமும் எங்களுக்காகப் பென்சில் பிடித்து, மனதில் இருக்கும் மயிலாப்பூரை நினைவிலிருந்தே வரைபடமாகப் போட்டுக் கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. "எனக்கு வரையவெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை நிரப்பியவர்களுக்கு இரட்டை நன்றி.

கொடுத்தது ஒரு வெள்ளை ஏ4 தாள், 15 நிமிடம். "மேப் போடுங்க" என்றால் ஆள் எழுந்து போய்விடுவார். புதிதாகக் குடிவந்தவருக்கு வழி காட்டச் சொன்னால் கை தானாக ஓடும். ரப்பர் வேண்டுமென்றே தரவில்லை. அழித்துவிட்டால் எங்கே தயங்கினார்கள் என்பது தெரியாமல் போகும். எது முதலில் வந்தது, எது பிறகு என்று ஓரத்தில் எண் போட்ட மாணவர்களுக்கும், "அது அங்கே இல்லை" என்று திருத்த வந்த வீட்டுக்காரர்களைப் பேச்சுக் கொடுத்து வெளியே அழைத்துப் போனவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெஞ்சு தந்த டீக்கடை அண்ணனுக்கும்தான்.

கோணலாக வந்துவிட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். தெப்பக்குளம் பாதித் தாளை அடைத்துக்கொள்வதும் ராமகிருஷ்ண மடம் சாலை சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருங்குவதும்தான் எங்களுக்கு வேண்டியவை. ஆனால் இப்படி வரைந்தவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட முடியாது. அதனால்தான் கடைசியில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்து "நம்ம ஏரியா எங்கே முடியுது?" என்று கேட்டோம். நீங்கள் போட்ட அந்தச் சிவப்பு எல்லைக்கோட்டை மட்டும் தெருத் தெருவாக விசாரித்து, அச்சிட்ட ஏ3 வரைபடத்தில் ஏற்றினோம். வார்டு எல்லையை யாரும் சீந்தவில்லை. பலருக்குப் பக்கிங்காம் கால்வாயே விளிம்பு. 1997-இல் திருமயிலை வரை வந்த பறக்கும் ரயிலின் தூண்கள் அந்த விளிம்பை இன்னும் தடிப்பாக்கிவிட்டன.

கிழக்கு மாட வீதிப் பூக்கார அம்மா வரைந்தது நிழலை: காலையில் கிழக்கு ஓரம், மாலையில் மேற்கு ஓரம், நடுவில் கூடை நகரும் வழி, தண்ணீர்க் குடம் வைக்க விடும் வாசல்கள். எந்த அச்சு வரைபடத்திலும் இது கிடைக்காது.

"ஊர் பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதில் பயனில்லை. "வாடகை ஏறினால் எந்தத் தெரு வரை தள்ளிப் போவீங்க?" என்ற கேள்விக்குத்தான் உண்மையான பதில் வந்தது. யோசித்துச் சொன்னதற்கு நன்றி.

பெயரையும் கதவு எண்ணையும் நீக்கியே தாள்களை ஸ்கேன் செய்கிறோம். அசல் வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம். லஸ்ஸில் மெட்ரோ தடுப்புகளை எடுத்த பிறகு உங்களிடமே மறுபடி வருவோம். அப்போதும் ரப்பர் கிடையாது.

அன்புடன்,
தாள் நீட்டியவர்கள்