முழங்கைக் கணக்கு

ஆல்பரெட்டா, ஜார்ஜியா
ஜூலை கடைசி, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள ஜில்லு,

கிரகப்பிரவேசப் படங்கள் எல்லாம் பார்த்தேன். சமையல் மேடை பிரமாதம், பூஜை அறைக் கதவு அதைவிடப் பிரமாதம், ஹாலில் தொங்கும் அந்த விளக்கு மட்டும் நம் ஹாஸ்டல் மூணாம் ரூம்காரி தேர்ந்தெடுத்தது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கேயும் சௌக்கியம், பெரியவனின் வலது முழங்கையைத் தவிர. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து நீயே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவாய்.

போன தடவை நீ சிரித்துச் சிரித்துக் கேட்டதற்கு முதலில் பதில். ஆமாம், 11 வயசுப் பையன் பேஸ்பால் ஆடுவதற்காகக் குடும்பத்தோடு ஓட்டலில் ரூம் போட்டுத் தங்குகிறோம். செஸ் போர்டைத் தூக்கிக்கொண்டு பொண்ணோடு ஊர் ஊராக ரயில் ஏறுகிறவளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இங்கே இரண்டு வகை. பக்கத்துப் பூங்காவில் ரெக் லீக், பேர் கொடுத்த எல்லாருக்கும் இடம் உண்டு, யாராவது ஒரு அப்பாதான் கோச், பாதிப் பிள்ளைகள் அவுட்ஃபீல்டில் தும்பி பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று டிராவல் பால். ஆகஸ்டில் ட்ரையவுட் வைத்து ஒரு டஜன் பேரைப் பொறுக்கி எடுப்பார்கள், சம்பளம் வாங்கும் கோச், பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை சீசன், மூச்சு விடுவதற்குள் செப்டம்பரில் ஃபால் பால் என்று இன்னொன்று, அது முடிந்தால் குளிர்காலத்துக்கு ஷெட்டுக்குள் பயிற்சி. வார இறுதி வந்தால் பக்கத்து மாநிலத்து சட்டனூகா, பர்மிங்ஹாம், இல்லாவிட்டால் இங்கே எமர்சனில் இருக்கிற லேக்பாயின்ட் விளையாட்டு வளாகம். சனிக்கிழமை ஆட்டங்களை வைத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வரிசை போடுவார்கள், தோற்றால் காலையிலேயே வீட்டுக்குக் கிளம்பலாம், ஜெயித்தால் இருட்டும்வரை அந்த வெயிலில் வேகவேண்டும். ஜெயிக்கச் சொல்லித்தான் எல்லாரும் கத்துவோம். ஆனால் ஞாயிறு மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் அந்த மடக்கு நாற்காலிகளில் இருக்கிற முகங்களை நீ பார்க்கணும்.

காசைப் பற்றிக் கேட்காதே. டீமுக்கு வருஷம் 2,500 டாலர், ஓட்டலும் பெட்ரோலும் தனி. சில டோர்னமென்ட்களில் அவர்கள் கைகாட்டும் ஓட்டலில்தான் தங்கவேண்டும், இல்லாவிட்டால் டீமுக்கே இடம் கிடையாது. அப்புறம் பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க வாசலில் தலைக்கு டிக்கெட். பேட்? 2018லிருந்து லிட்டில் லீக் போன்ற சின்னப் பிள்ளைகள் லீக்குகளில் யூஎஸ்ஏ முத்திரை குத்திய பேட்தான் செல்லும், டிராவல் டோர்னமென்டுக்குப் போனால் அதைவிடப் பந்து சீறிப் போகிற வேறு முத்திரை. ஆக இரண்டு பேட், நல்லதாக ஒன்று எடுத்தால் 350 டாலர், பையன் வளர்ந்துவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி. தென்னை மட்டையில் ஆடி வளர்ந்த உன் வீட்டுக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

நமக்காவது கையைக் கடித்தாலும் கட்ட முடிகிறது. எங்கள் டீமில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நின்று ஆடிய பையன் ஒருவன் இருந்தான், தரையோடு வருகிற பந்தை அவன் குனிந்து அள்ளி எறிவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும், போன வருஷம் பணம் கட்டமுடியாமல் நின்றுவிட்டான். ஆண்ட்ரூ மெக்கட்சன் என்று ஒரு ஆட்டக்காரர், 2013ல் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக்கின் ஒரு பிரிவான தேசிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், ஃப்ளோரிடாவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. இதைப் பற்றி 2015ல் எழுதினார். திறமை இருந்தால் போதாது, ஊர் ஊராகப் போய் ஆடக் காசில்லாத பையன் யார் கண்ணிலும் படமாட்டான் என்று. அதைப் படித்தபோது எனக்கு இந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது. இப்போது ஷார்ட்ஸ்டாப்பில் கோச்சின் மகன் ஆடுகிறான். மேலே நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் குறையாகவே சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் என் துப்பட்டாவுக்குள் போய் ஒளிகிற பையன் இது, உனக்குத் தெரியும். அவன் இப்போது மூன்று பேஸிலும் எதிராளி நிற்க, இரண்டு பக்கமும் ஜனங்கள் கத்த, மவுண்டில், பிட்சர் பந்து வீசுகிற அந்த மேட்டில், தனியாக நின்று, வீசுகிற கையைத் தொடையில் துடைத்து, எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் காட்டும் விரலைக் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறான். ரன் கொடுத்துவிட்டு வந்து டீம் உட்காரும் டக்அவுட்டில் அழுவதில்லை, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவனுக்காகக் கத்துகிறான். கோச்சும் விஷயம் தெரிந்தவர்தான், கல்லூரியில் ஆடியவர், காலை எங்கே வைக்கவேண்டும் என்பதை அவர் சொல்லித்தரும் விதத்தைப் பூங்காவில் எந்த அப்பாவும் சொல்லித்தரமாட்டார். எனக்கும்தான் என்ன குறை? இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்து தமிழ்ச் சங்கத்தைத் தாண்டி யாரைத் தெரியும்? இப்போது கேட்சரின் அம்மா என் சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறாள், டீமே என் எலுமிச்சை சாதத்துக்குக் கை நீட்டுகிறது. நான்தான் அதிகாரபூர்வ ஸ்கோரர் வேறு! மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அடிக்கிறவன் அவுட் ஆனால், அதாவது ஸ்ட்ரைக்அவுட், நோட்டில் ஒரு கே, மூன்றாவது ஸ்ட்ரைக்குக் கட்டையைச் சுற்றாமல் மரமாக நின்றிருந்தால் அந்தக் கே-யைத் திருப்பிப் போடவேண்டும். பி.டி. பீரியடில் தலைவலி என்று படுத்துக்கொண்டவள் நான், மிஸ்ஸிடம் சொன்னால் நம்புவாரா?

ஸ்கோர் போடுவதால்தான் இந்த வயிற்றெரிச்சலும்.

ஜூனில் ஒரு டோர்னமென்ட். சனிக்கிழமை காலை பெரியவன் மூன்று இன்னிங்ஸ் (கிரிக்கெட் மாதிரி இல்லை, எதிராளியில் மூன்று பேர் அவுட் ஆகும்வரைதான்) பந்து போட்டான், என் கணக்கில் 62 பந்து. மேஜர் லீக்கும், நாட்டின் பேஸ்பால் அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014ல் பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு வழிகாட்டி போட்டார்கள். 11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் கூடாது, 51 முதல் 65 வரை போட்டால் மூன்று நாள் ஓய்வு, போட்ட கையோடு கேட்சராகவும் உட்காரக்கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறானே. ஆனால் இந்த டோர்னமென்டின் விதியில் பந்துக்கணக்கே கிடையாது, இன்னிங்ஸ் கணக்குதான். ஒரு இன்னிங்ஸ் எட்டுப் பந்திலும் முடியலாம், முப்பது பந்தும் தின்னலாம், இரண்டும் அவர்கள் தாளில் ஒன்றுதான். மத்தியானமே அவனைக் கேட்சராக உட்காரவைத்தார்கள். மறுநாள் மறுபடி மவுண்டுக்கு. ஃபோனில் இருந்த கணக்கைக் கோச்சிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இன்னும் இன்னிங்ஸ் பாக்கி இருக்கு, பையனும் நல்லாத்தான் இருக்கேங்கறான்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டுகிறார்! 11 வயசுப் பையனிடம் கை வலிக்கிறதா என்று டீம் முன்னால் வைத்துக் கேட்டால் எவன் ஆமாம் என்பான்?

வலியைக் கண்டுபிடித்தது அத்தைதான். ஊரிலிருந்து வந்திருக்கிறாரே, செவ்வாய்க்கிழமை தோசை போட்டுக்கொண்டிருந்தவர், "என்னடா இது, பீச்சாங்கையால பிட்டுத் தின்ற?" என்று அதட்டினார். அவன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தோசையைக் கிழித்துக்கொண்டிருந்தான். கையை நீட்டச் சொன்னால் முழுசாக நீளவில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் படம் வரைந்து காட்டினார். இந்த வயசில் முழங்கையின் உட்புறம் எலும்பு வளருகிற இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்குமாம், அதோடு ஒட்டியிருக்கிற தசைநார் அதைவிட உறுதி. பந்தை வீசும்போதெல்லாம் நார் இழுக்கிறது, விட்டுக்கொடுப்பது குருத்தெலும்பு. லிட்டில் லீக் எல்போ என்று இதற்குப் பேரே இருக்கிறது. ஆறு வாரம் எறியக்கூடாது, அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நல்லவேளை, விரிசல் இல்லை. "வருஷத்துல எத்தனை மாசம் எறியறான்?" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன், விடுபட்டது டிசம்பர் மட்டும். நாலு மாசமாவது எறியாமல் இருக்கவேண்டும் என்கிறது அதே பிட்ச் ஸ்மார்ட். வருஷத்துக்கு 8 மாசத்துக்கு மேல் பிட்ச் பண்ணிய பையன்களுக்கு முழங்கை, தோள் ஆபரேஷன் வரை போகும் அபாயம் ஐந்து மடங்கு என்று 2006லேயே ஆராய்ச்சி வந்துவிட்டதடி.

இவரோடு சண்டை. வீடே இரண்டுபட்டது. ஸ்காலர்ஷிப் என்று ஒரு பூதத்தை இங்கே எல்லா அப்பாக்களும் கட்டிக்கொண்டு அலைகிறார்கள். சமீபகாலம் வரை முதல் டிவிஷன் கல்லூரி டீமுக்கே மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர்வரை பங்கு போடுவார்கள், இப்போது விதி மாறியிருக்கிறது, அதற்காக நம் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. நான் சொன்னால் ஏறாது என்று ஜான் ஸ்மோல்ட்ஸைப் போட்டுக் காட்டினேன். அட்லாண்டா டீமின் பழைய பிட்சர், ஊருக்கே சாமி, இவருக்குக் குலதெய்வம். டாமி ஜான் ஆபரேஷன், அதாவது முழங்கையில் அறுந்த நாருக்குப் பதில் வேறு நார் வைப்பது, அதைச் செய்துகொண்ட பிட்சர்களில் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன முதல் ஆள். 2015ல் அந்த மேடையிலேயே நின்று, பதினாலு பதினைந்து வயசில் இந்த ஆபரேஷன் இயல்பான விஷயமில்லை, பேஸ்பால் வருஷம் பூரா ஆடுகிற ஆட்டமில்லை என்று பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார். இவர் முழுசும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்க் கார் கழுவினார். இவர் அகராதியில் அது பாதி சம்மதம்.

சிக்கல் என்னவென்றால் அடுத்த வருஷம் கூப்பர்ஸ்டவுன். ஸ்மோல்ட்ஸ் பேசின அதே ஊர். 12 வயசு டீம்கள் கோடையில் ஒரு வாரம் அங்கே போய்த் தங்கி ஆடும், பையன்களும் கோச்சும் ஒரே கொட்டகையில், அப்பா அம்மா இல்லாமல், ஒவ்வொரு டீமும் தன் பேட்ஜைக் கொண்டுவந்து மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளும். எட்டு வயசிலிருந்து இதையே பேசிக்கொண்டிருக்கிறான். அதை எப்படி வேண்டாம் என்பது? எனக்கு மனசு வரவில்லை, ஜில்லு. பேஸ்பாலே வேண்டாம் என்று மூட்டை கட்டச் சொல்கிறவள் நானில்லை. அந்த மவுண்டில் அவன் நிற்பது எனக்கும் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை.

அதனால் கோச்சுக்கு மெயில் போட்டுவிட்டேன். ட்ரையவுட்டுக்கு வருவான், டாக்டர் விட்டால் பேட் பிடிப்பான். அடுத்த பிப்ரவரி வரை பிட்சிங்கும் கிடையாது, கேட்சிங்கும் கிடையாது. அப்புறம் எந்த டோர்னமென்ட் என்ன விதி வைத்திருந்தாலும் எங்கள் பையனுக்கு என் பந்துக்கணக்குதான், தாண்டினால் நானே மைதானத்துக்குள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். இந்தக் கடைசி வரியை இவர் அழித்தார், நான் மறுபடி போட்டேன். "இடம் நிச்சயமில்லை, பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. முடியாது என்றால் இலையுதிர்காலம் முழுக்க நீச்சல், வசந்தத்தில் பூங்கா ரெக் லீக். பெரியவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். உப்பு வேண்டுமென்றால்கூடத் தங்கச்சி மூலமாகத்தான் தூது.

முழங்கை விஷயம் மூணாம் ரூம்காரிக்குத் தெரியவேண்டாம், அந்தப் பச்சிலை எண்ணெயைக் கூரியரில் அனுப்பிவிடுவாள், போன தடவை கஸ்டம்ஸில் நாங்கள் பட்டது போதும். அத்தை செப்டம்பரில் கிளம்புகிறார், உனக்கு எடுத்து வைத்த கிரகப்பிரவேசப் புடவையை அவர் பெட்டியில் போட்டுவிடுகிறேன். ப்ளவுஸ் துணி இருக்காது. எனக்குப் பிடித்திருந்தது, தைத்துவிட்டேன்.

உன்,
குச்சி