தண்ணீர் குடித்தாலும் இருமல் வருகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் என எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் இந்த நோய் வேறு கோலத்திலும் வரும். அதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

என் அக்காவுக்குச் சோறு இறங்கும். பிளேன்ரீ குடித்தால்தான் புரையேறும். மிடறுக்கு மிடறு இருமல். ஒரு தனியார் வைத்தியசாலையில் காஸ்ட்ரிக் என்று மாதக்கணக்கில் குளிசை கொடுத்தார்கள். நடுவில் நியூமோனியா வந்தது, மருந்துக்கு அடங்கியது, திரும்பவும் வந்தது. கடைசியில் மார்புநோய் கிளினிக்கில் ஒரு டொக்டர் தன் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். அக்கா இருமிய இருமலைப் பார்த்த பிறகுதான் ஸ்கேன், கமெராப் பரிசோதனை எல்லாம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை. அங்கே எடுத்த சதைத் துணுக்கில் காசநோய்.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் நிணநீர்க் கணுக்கள், அதாவது நெறி கட்டும் சிறு முடிச்சுகள், இருக்கின்றன. உணவுக்குழாய் அவற்றை ஒட்டியே இறங்குகிறது. காசநோய்க் கிருமியால் அந்தக் கணுக்கள் வீங்கி உடைந்தால் இருபக்கச் சுவரையும் அரித்துவிடும். பிறகு குடிப்பதெல்லாம் நுரையீரலுக்குள் போகும். அபூர்வம்தான். புற்றுநோயோ என்று வீடே கலங்கிப்போகும். ஆனால் காசநோயால் வந்த ஓட்டை பல பேருக்கு மருந்திலேயே ஆறிவிடுகிறது: வழமையாக முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 2 மருந்துகள். அதுவரை மூக்கு வழியே குழாயில் சாப்பாடு. மூடாவிட்டால்தான் சத்திரசிகிச்சை. அக்கா இப்போது தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கிறார்.

சுவாசக் கிளைக்குழாயின் உட்சுவரிலும் இந்நோய் பிடிக்கும். இளம் பெண்களில் அதிகம் காணப்படுகிறது. இழுப்பு வரும், ஆஸ்துமா என்று பம்ப் கொடுப்பார்கள், கேட்காது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், சளியிலும் கிருமி அகப்படாமல் போகலாம். தாமதித்தால், கிருமி செத்த பிறகும் தழும்பு இறுகிக் குழாய் ஒடுங்கிவிடும். அந்த மூச்சுத்திணறல் ஆயுள் முழுக்க நீடிக்கலாம். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

இலங்கையில் கொழும்பு மாவட்டத்தில்தான் காசநோயாளர் அதிகம். அரசாங்க மார்புநோய் கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்று பயந்து பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகாத குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கின்றன.

இருமலோடு வருகிறவரிடம், "தண்ணீர் குடிக்கும்போது கூடுகிறதா? பம்ப் பாவித்தும் இழுப்பு நிற்கவில்லையா?" என்ற இரண்டு கேள்விகளையும் குடும்ப வைத்தியர்கள் கேட்க வேண்டும். காசநோய்க் கட்டுப்பாட்டுப் பிரிவினர் தமிழில் ஒட்டும் சுவரொட்டிகளிலும் இவற்றைச் சேர்க்க வேண்டும். அடுத்த கட்டுரையைத் தாங்கள் இதிலிருந்து தொடங்கினால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.