செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, பெற்றோர்களே,

திருகோணமலையில் இயங்கிவரும் எமது பெற்றோர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுச்சபையின் முன் வைக்கிறேன். நிர்வாகசபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கு விபரங்களைப் பொருளாளர் தருவார். ஆகவே, ஓட்டிசம் உள்ள எம் பிள்ளைகளுக்கென நடத்திவரும் சனிக்கிழமை இசை வகுப்பைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

முந்திய ஆண்டின் கடைசியில் வகுப்பைத் தொடங்கியபோது எமது நோக்கம் பிழையாக இருந்தது. சில தேவாரங்களைப் பழக்கிப் பொங்கல் விழாவில் மேடையேற்றிவிட்டால் ஊரார் எம் பிள்ளைகளைப் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணினோம். விழா நாளில் ஒலிபெருக்கி முழங்கியதும் ஒரு சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். "அடக்கமில்லாத பிள்ளை" என்று பின்வரிசையில் எழுந்த பேச்சு அவனுடைய தாயாரின் காதிலும் விழுந்தது. ஓட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் மிகக் கூர்மையாக உறைப்பதையும், எமக்கு வெறும் இரைச்சலாக இருப்பது அவர்களுக்கு வேதனையாகவே இருக்கக்கூடும் என்பதையும் அறிந்திருந்த நாமே ஒலிபெருக்கியை அவன் பக்கத்தில் வைத்திருந்தோம். அத்தவறு நிர்வாகசபையினுடையது.

அதன்பின் மேடையையும் ஒலிபெருக்கியையும் கைவிட்டோம். இப்போது இருப்பவை ஒரு சுருதிப்பெட்டி, ஒரு மிருதங்கம், ஓர் ஆர்மோனியம். ஆசிரியை பாடத்தைத் திணிப்பதில்லை. பிள்ளை எப்படித் தட்டுகிறதோ அப்படியே தாமும் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். பேச்சு வராத அதே சிறுவன் மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், ஆசிரியை வேண்டுமென்றே விட்ட கடைசித் தட்டைத் தானே போட்டுவிட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

இன்னொரு சிறுமி, வகுப்பு முடிவில் பாடும் மங்களத்தை நடுவிலேயே பாடத் தொடங்குவாள். குறும்பு என்றே முதலில் திருத்தினோம். களைப்பு வந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அவள் அப்படித்தான் சொல்கிறாள் என்று விளங்கச் சில வாரங்கள் சென்றன. கேட்டதையே திருப்பிச் சொல்லும் பிள்ளைகளின் வழக்கத்தை அர்த்தமற்றதென்று தள்ளிவிடக் கூடாது என்று வாசித்திருந்தோம். அதைக் கண்ணால் கண்டது அவளிடத்தில்தான்.

இசையால் ஓட்டிசம் மாறிவிடுமா என்று பெற்றோர் சிலர் கேட்டனர். மாறாது, அது நோயுமன்று. ஒன்பது நாடுகளில் 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழமையான பராமரிப்புடன் இசைச் சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு ஓட்டிச அறிகுறிகளின் தீவிரம் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே இவ்வகுப்பை நம்பி எவரும் பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

ஏப்ரல் 2ஆம் திகதி, உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள் கூட்டத்தில் தடுப்பூசியால் ஓட்டிசம் வருமா என்ற பழைய ஐயம் மீண்டும் எழுந்தது. அதற்கு வித்திட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப் பெற்றுவிட்டது என்பதை அங்கு விளக்கினோம்.

வகுப்பறை பிரதான வீதியோரத்தில் இருப்பதால் பேருந்துகளின் ஹோர்ன் சத்தம் பெருந்தொல்லையாக உள்ளது. உப்புவெளிப் பக்கத்தில் அமைதியான அறையொன்றைச் சனிக்கிழமை காலையில் தந்துதவக்கூடிய அங்கத்தவர்கள் நிர்வாகசபைக்கு அறியத்தருமாறு வேண்டி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்