கதிர்காமத்துக்கு நடப்பது பற்றி

அன்புள்ள குணம்,

உம்முடைய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் சுகம். சிறுபோக விதைப்பும் முடிந்துவிட்டது.

இம்முறை இங்குள்ள மாமாங்கேஸ்வரர் கோயிலிலிருந்து கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்க விரும்புவதாகவும், காட்டின் விளிம்பிலுள்ள உகந்தை வரைக்கும் சாப்பாட்டையும் படுக்கையையும் ஏற்றிய வான் ஒன்று பின்னால் வந்தால் வசதி என்றும் எழுதியிருந்தீர். நடப்பதை வரவேற்கிறேன், வான் வேண்டாம் என்பேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து புறப்பட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல் வழியாக ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்து வருகிறவர்கள் கையில் பெரிதாக எதுவும் வைத்திருப்பதில்லை. கோயில் மண்டபத்தில் படுத்து, ஊரவர்கள் கொடுப்பதை உண்டு வருகிறார்கள். வேல் முன்னே போக, அதைத் தாண்டி ஒருவரும் நடப்பதில்லை. ஆகவே வேகமாக நடக்கக் கூடியவரும் வயதானவரின் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடசாலை அதிபராக இருந்தவரும் கூலி வேலை செய்பவரும் அங்கே ஒரே மாதிரி 'சாமி'தான். பிறர் கொடுப்பதை வாங்கி உண்ணக் கூச்சப்படுகிற நம்மைப் போன்ற உத்தியோகக்காரருக்கு, கால் கொப்புளத்தைவிட இதுதான் கடினம். ஆனால் இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது உடற்பயிற்சி மட்டுமே என்பது என் எண்ணம்.

உகந்தைக்கு அப்பால் கடையுமில்லை, வீடுமில்லை. குமண, யால வனத்தினூடே சுடுமணலில் நடக்கும்போது, தோளில் தொங்கும் அரிசியும் பருப்பும் நேரம் செல்லச் செல்ல கனக்கும். இராணுவத்தினர் வைத்திருக்கும் தண்ணீர்த் தாங்கியைக் கண்டதும் எல்லோரும் 'அரோகரா' என்பார்கள். போத்தலை நிரப்பித் தருகிற சிங்களச் சிப்பாயும் சில வேளை சேர்ந்து சொல்வதுண்டு. 1983க்குப் பின் போரினால் தடைப்பட்டிருந்த யாத்திரையை 1988இல் அமெரிக்க முருக பக்தர் பற்றிக் ஹரிகன் முதலானோர் மீண்டும் தொடங்கிய காலத்தில், இப்படியொரு காட்சியை நாம் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

இவ்வளவு நடந்து போனாலும், சந்நிதானத்தில் நாம் காண்பது திரைச்சீலையில் தீட்டப்பட்ட முருகனைத்தான். வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை எனப்படும் பூசகர் திரைக்குப் பின்னே மௌனமாகப் பூசை செய்வார். உள்ளே இருப்பதை அடியார் எவரும் பார்ப்பதில்லை. பஸ்ஸில் வந்தவருக்கும் அதே திரைதான். நடந்தவருக்கு அது ஏமாற்றமாகத் தோன்றுவதில்லை. வழியெங்கும் முகம் தெரியாதவர்களின் கையால் உண்டு வந்தவர், முருகனின் முகத்தைக் காட்டு என்று கேட்க அவசரப்படுவதில்லை போலும்.

மருந்துகளை மட்டும் மறவாமல் கொண்டுவாரும். பழகிய செருப்பையே போட்டுக்கொள்ளும். காட்டுப்பாதை திறக்கும் திகதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்ததும் எழுதுகிறேன், அதற்கு முன் விமானச் சீட்டை எடுத்துவிடாதீர்.

அன்புடன்,
இராசன்
மட்டக்களப்பு