கட்டில் கிடைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

மலையக வைத்தியசாலைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டில்கள் போதவில்லை என்று தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டிலிலிருந்து பிழைத்து எழுந்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) திரும்புகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்கில் கிடந்தவருக்குத் தசை மெலிந்துவிடும். ஞாபக மறதி, கெட்ட கனவு, மனச்சோர்வு எல்லாம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நீடிக்கும். மருத்துவ உலகம் 2012இலேயே இதற்கு ‘தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்க்குறித்தொகுதி’ (Post-Intensive Care Syndrome) என்று தனிப்பெயர் சூட்டிவிட்டது. பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் பாதிக்கப்படுவார்கள் என்பதையும் அதிலே சேர்த்துச் சொன்னார்கள்.

நிமோனியாவிலிருந்து தப்பி வந்த என் அக்காவுக்குச் சீப்பைத் தலை வரை தூக்க முடியவில்லை. இரவில் அலறி எழுவார். மந்திரித்த கயிறு கட்டச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். வைத்தியசாலைத் துண்டிலோ மாத்திரையும் கிளினிக் திகதியும் மட்டுமே இருந்தன. வீட்டுக்கு அனுப்பும்போதே என்ன பயிற்சி செய்வது, என்னென்ன தொல்லை வரலாம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிரதியொன்றைத் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் அனுப்பலாம். பிசியோதெரபி செய்பவர் மாதம் ஒருமுறை தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்தால், பஸ் ஏற முடியாதவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கும்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.