பிடித்தம் செய்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைக் கணக்கில் சேர்க்கவும், நிறுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் 43 பேரை மீண்டும் பணியில் அமர்த்தவும் கோரும் மனு

அனுப்புநர்
தூய்மைப் பணியாளர்கள் 43 பேர் சார்பாக, முன்னாள் பரப்புரையாளர் (தூய்மை குறித்து மக்களிடம் விழிப்புணர்வு செய்தவர்),
வேலூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

நாள்: 12.06.2023, திங்கட்கிழமை

பொருள்: முந்தைய ஒப்பந்த நிறுவனத்தின் பாதுகாப்பு வைப்புத் தொகையை விடுவிக்காமல் நிறுத்தி வைத்து, அதிலிருந்து எங்கள் 19 மாத பி.எஃப். பணத்தைக் கட்டச் செய்யக் கோருதல் – 01.04.2023 முதல் நிறுத்தப்பட்ட 43 பேருக்கு மீண்டும் பணி கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நகரைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறக் காய்கறிக் கடைகளும், ஒரு மணி நேர மழைக்கே கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வரும் தாழ்வான தெருக்களும், ஊருக்கு வெளியே குப்பை கொட்டப்படும் உரக்கிடங்கும் தாங்கள் அறிந்த இடங்களே. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகி அந்தத் தெருக்கள் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த மறுநாள் முழங்கால் அளவு சேற்றை அள்ளியவர்கள் இந்த மனுவில் கையொப்பமிட்டுள்ள 43 பேரில் பெரும்பாலோர். எங்களை யாரென்று தங்களுக்கு நினைவூட்டுவதற்காக மட்டுமே இதைக் குறிப்பிடுகிறோம்.

1. நாங்கள் அனைவரும் 2012 முதல் வெவ்வேறு ஆண்டுகளில் தினக்கூலியாகவும், மகளிர் சுய உதவிக் குழு வழியாகவும் பணிக்கு வந்தவர்கள். 2021 ஏப்ரல் முதல் நகரின் குப்பை அகற்றும் பணி முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. அதே தெரு, அதே தள்ளுவண்டி, அதே மேஸ்திரி; சம்பளம் போடுகிறவர் மட்டும் மாறினார். அன்று எங்களை வரிசையில் நிற்க வைத்து, இனி பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இரண்டும் முறையாகக் கட்டப்படும், தனியார் என்று பயப்பட வேண்டாம் என்று அதிகாரிகள் முன்னிலையிலேயே உறுதி கூறப்பட்டது. மாநகராட்சிகளில் இத்தகைய பணிகளை வெளியாருக்கு விட வழிசெய்த 2022ஆம் ஆண்டின் அரசாணை 152 குறித்து மாநிலம் முழுவதும் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, எங்கள் ஊரில் அந்தக் கதை ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது.

2. இந்த ஆண்டு மார்ச் மாதத்துடன் அந்த ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரல் முதல் வேறு நிறுவனம் வந்துள்ளது. ஏப்ரல் 1 அன்று காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் வருகைப் பதிவு செய்யப் போன எங்களில் 43 பேரின் பெயர் புதிய பட்டியலில் இல்லை. முன்னறிவிப்பு இல்லை, கடிதம் இல்லை, காரணமும் இல்லை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணி செய்தவரை நிறுத்துவதானால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதிய இழப்பீடும் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவு கூறுகிறது. பழைய நிறுவனம் எங்களை நிறுத்தவில்லை, ஒப்பந்தம்தான் முடிந்தது என்கிறது. புதிய நிறுவனம் எங்களைச் சேர்க்கவே இல்லை, ஆகவே நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை என்கிறது. இருவருக்கும் இடையில் எங்கள் பத்து ஆண்டு உழைப்பு யார் கணக்கிலும் இல்லாமல் போய்விட்டது. இந்த 43 பேரும் பிப்ரவரி மாதம் பி.எஃப். கணக்கு விவரம் கேட்டு எழுதிக் கொடுத்த தாளில் கையொப்பமிட்டவர்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். கையொப்பமிடாத ஒருவர் பெயர்கூட விடுபடவில்லை.

3. எங்களை மிகவும் வருத்துவது அந்த பி.எஃப். பணம்தான், ஐயா. வேலை இன்று போனாலும் நாளை வேறு ஒரு வேலை கிடைக்கக்கூடும். எங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொண்ட பணம் எங்கே போனது என்று ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை.

மாதச் சம்பளம் ரூ.10,200 என்று கணக்கிட்டு, அதில் 12 விழுக்காடாக ரூ.1,224 பி.எஃப். என்றும், ரூ.77 இ.எஸ்.ஐ. என்றும் 24 மாதங்களும் தவறாமல் பிடித்தம் செய்தார்கள். சம்பளச் சீட்டு அரைத்தாள் அளவில் இருக்கும். வெயிலில் எழுத்து மங்கிவிடும் என்பதால், பட்டியலில் ஒன்பதாவதாக உள்ள பணியாளர் தம்முடைய 24 சீட்டுகளையும் ‘மீண்டும் மஞ்சப்பை’ பிரசாரத்தின்போது எங்களுக்குக் கொடுத்த துணிப்பையில், ரேஷன் அட்டையுடன் மடித்து வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மேலிருந்து நான்காவது வரி பி.எஃப். என்று தெரியும். ஒவ்வொரு சீட்டிலும் அந்த வரியின்மேல் விரலை வைத்துத்தான், இவர்கள் சார்பாக இந்த மனுவை எழுதும் எனக்குக் காட்டினார். குப்பையில் கிடந்த உடைந்த பாட்டில் கிழித்து நகம் பாதி போன விரல் அது.

அவர் கணவரை இழந்தவர், வயது 52. மகள் நர்சிங் படிக்கிறாள். வேலை போய் இரண்டு மாதம் ஆனால் பி.எஃப். பணத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, மகளின் கடைசித் தவணைக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பி இருந்தார். இந்த மாதத் தொடக்கத்தில் அவருடன் நானும் பி.எஃப். அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர்கள் பொறுமையாகக் கணக்கைத் திறந்து காட்டினார்கள். 2021 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் பணம் கட்டப்பட்டிருக்கிறது. செப்டம்பர் முதல் ஒன்றுமே இல்லை. பத்தொன்பது மாதம் வெறுமை. அந்த அம்மாள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். கட்டப்பட்ட அந்த ஐந்து மாதப் பணத்தையாவது எடுக்கலாம் என்றால், அவருடைய பிறந்த தேதியை நிறுவனம் ஆதாரில் உள்ளதற்கு மாறாகப் பதிந்திருக்கிறது. அதைத் திருத்தும் படிவத்தில் நிறுவனம் கையொப்பமிட வேண்டும். நிறுவனத்தின் முகாம் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. தொலைபேசியை எடுப்பார் இல்லை.

ஒருவருக்கு 19 மாதத்துக்கு எங்கள் பங்கு ரூ.23,256. நிறுவனம் கட்ட வேண்டிய சம பங்கையும் சேர்த்தால் ரூ.46,512. எல்லா மாதமும் முழு வருகை எனக் கொண்டால் 43 பேருக்கு ரூ.20,00,016. இந்தத் தொகை ஒரு நகரின் குப்பைப் பணிக்கு ஆகும் செலவில் சிறியதாக இருக்கலாம். எங்களுக்கு இதுதான் முதுமைக்கு என்று இருந்த ஒரே சேமிப்பு.

இதோடு முடியவில்லை. எங்களுடன் லாரியில் பணிபுரிந்த ஒருவர் சென்ற மார்கழியில் மாரடைப்பால் இறந்தார். கடைசி நாள் வரை வேலைக்கு வந்தவர். அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் விண்ணப்பிக்கப் போனபோது, அவர் இறப்பதற்கு முன்பு ஓராண்டுக்கு மேலாக அவர் பெயரில் பணமே கட்டப்படாததால், அவர் பணியில் இருந்ததற்கு நிறுவனத்தின் சான்று கேட்கப்பட்டது. பணியில் இருந்தபடியே இறந்த மனிதர், அரசாங்கக் கணக்கில் பணியிலேயே இல்லை. இதற்கு என்ன பெயர் ஐயா? தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடி என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. இருந்தும் இதுவரை ஒருவரைக்கூட அழைத்து விசாரித்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

4. ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று நகர அலுவலகத்தில் கூறுகிறார்கள். ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே (பணியை ஒப்பந்தத்துக்கு விட்டவரே) தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவும், ஒப்பந்தத் தொழிலாளருக்கான இரு பங்குகளையும் கட்டும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையதே என்று 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 30ஆம் பத்தியும் கூறுகின்றன. மாதாமாதம் பி.எஃப். கட்டிய ரசீதைப் பார்த்த பிறகே நிறுவனத்தின் பில்லை அனுமதித்திருக்க வேண்டும். பார்த்தார்களா? பார்த்திருந்தால் 19 பில்கள் எப்படி அனுமதிக்கப்பட்டன?

எங்களை நிரந்தரப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் எங்களுக்கு உண்டு. 24 மாதங்களில் 480 நாள் பணி முடித்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா என்ற வாதத்துக்குள் இந்த மனுவில் நாங்கள் செல்லவில்லை. எங்கள் பணத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்பதே இன்றைய கோரிக்கை.

5. முதல் மனுவை மார்ச் மாதம் நகர அலுவலகத்தில் கொடுத்தோம். ரசீது தந்தார்கள், பதில் தரவில்லை. இரண்டாவது மனுவை நிறுவனத்தின் முகாம் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். அது 2019ஆம் ஆண்டுப் பிரிவினையில் அடுத்த மாவட்டத்துக்குப் போன ஊரில் இருக்கிறது. அங்கே முறையிட்டால் உங்கள் மாவட்டத்தில் சொல்லுங்கள் என்றார்கள். வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள் எங்களில் பலர். மாவட்டம் பிரிந்ததால் எங்கள் பணமும் எல்லை தாண்டிவிடுமா? மூன்றாவது மனுவை ஏப்ரல் மாதம் இதே திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். அந்த மனு, நாங்கள் யாரைப் பற்றி முறையிட்டோமோ அதே நகர அலுவலகத்துக்கு நடவடிக்கைக்காகச் சென்றிருக்கிறது. அங்கிருந்து எங்களுக்கு வந்த பதில் ஒரே வரி: ‘ஒப்பந்ததாரரை அணுகுமாறு மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது.’ யாரும் எங்களிடம் எதையும் தெரிவிக்கவில்லை. முடிக்கப்பட்டது மட்டும் உண்மை.

ஐயா, எங்களுக்குக் கோபம் வருவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரிக்கு வந்து போவதற்கு எங்களில் பலர் அன்று கிடைக்கும் வீட்டு வேலைக் கூலியை விட வேண்டியிருக்கிறது. வேலூர் வெயிலை நாங்கள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. கத்திரியிலும் கையுறைகூட இல்லாமல் குப்பை தரம் பிரித்தவர்கள் நாங்கள். சென்ற ஆண்டு வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்களில் 15 பேரைக் கூடுதல் பணிக்கு அனுப்பினார்கள். ஊரே திரண்ட அந்தத் தெருக்களில், கூட்டம் கலைந்த பிறகு விடிய விடியத் தேங்காய் ஓடும் இலையும் தண்ணீர் பாக்கெட்டும் அள்ளினோம். அந்த மே மாதச் சீட்டிலும் ரூ.1,224 பிடித்திருக்கிறார்கள். அதுவும் கட்டப்படவில்லை.

2020இல் ‘துப்புரவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எங்களைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு அழைத்தபோது மகிழ்ந்தோம். கொரோனா காலத்தில் எங்களுக்கு மாலை போட்டார்கள். நாங்கள் அவற்றைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சம்பளத்திலிருந்து எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதற்கு ஒரு மாலையும் தேவையில்லை. ஒரு கையெழுத்து போதும்.

6. இப்போது நாங்கள் அவசரமாக வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. முந்தைய நிறுவனம் கட்டிய பாதுகாப்பு வைப்புத் தொகையும் கடைசி மாதங்களின் பில் தொகையும் நகர அலுவலகத்திடம் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருப்பித் தருவதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாக அறிகிறோம். அந்தப் பணம் கைமாறிவிட்டால், பிறகு நாங்கள் யாருடைய வாசலில் நிற்பது? நிறுவனம் வேறு ஊருக்குப் போய்விடும். நாங்கள் இங்கேயேதான் இருப்போம்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) அந்த வைப்புத் தொகையையும் நிலுவை பில்லையும் விடுவிக்காமல் நிறுத்தி வைக்க உடனே உத்தரவிடுமாறும், 24 மாதங்களுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதுகளை மாதவாரியாக வரவழைத்துப் பார்த்து, கட்டப்படாத தொகையை அதிலிருந்தே எங்கள் கணக்குகளில் கட்டச் செய்யுமாறும்;

ஆ) 43 பேரையும் பழைய பணிக்காலத்துடன் மீண்டும் சேர்க்கச் செய்யுமாறும்;

இ) இறந்தவரின் மனைவிக்குப் பணிச் சான்று கிடைக்கச் செய்யுமாறும்;

ஈ) இந்த மனுவை மீண்டும் அதே நகர அலுவலகத்துக்கு அனுப்பாமல், தொழிலாளர் துறை அலுவலர், பி.எஃப். அலுவலர், நிறுவனம், நாங்கள் ஆகியோரை ஒரே நாளில் தங்கள் முன்னிலையில் அழைத்து விசாரிக்குமாறும்

பணிவுடன் வேண்டுகிறோம்.

இவற்றில் ஒன்றை மட்டுமே இன்று செய்ய இயலும் என்றால், முதலாவதைச் செய்யுங்கள் ஐயா. வைப்புத் தொகையை நிறுத்தி வையுங்கள். விசாரணை ஒரு மாதம் ஆகட்டும், இரண்டு மாதம் ஆகட்டும், நாங்கள் காத்திருப்போம். அந்தப் பணம் மட்டும் போய்விட வேண்டாம்.

ஒன்பதாவது பணியாளர் இன்று இந்த மனுவுடன் நேரில் வந்திருக்கிறார். 24 சீட்டுகளும் அவர் கையில் இருக்கின்றன. தாங்கள் கேட்டால் காட்டுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூய்மைப் பணியாளர்கள் 43 பேர்
(கையொப்பமும் கைரேகையும்)

இணைப்பு: கையொப்பப் பட்டியல், சம்பளச் சீட்டுகளின் நகல், பி.எஃப். கணக்கு விவர நகல், முந்தைய மனுக்களின் ரசீதுகள்.